கணினியின் கருவில் நினைவகக் கசிவு: காணும் முறையும் களையும் முறையும்

கொடுத்த பொருளைக் குறித்துவைத்தலும், வேலை முடிந்தபின் அதனைத் திரும்பப் பெறுதலும் எந்த நிருவாகத்துக்கும் அடிப்படையாகும். மலைநாட்டில் வளர்ந்த எம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரை எண்ணிக்கொள்வோம். காலைப் பிரட்டில் பேர் பதிந்தவர்க்கு அங்கிருந்து கவ்வாத்துக் கத்தி வழங்கப்பெறுகின்றது. மாலையில் வேலை முடிந்ததும் கத்தி ஸ்டோருக்கு மீளுகின்றது. நாளொன்றுக்கு ஒரு கத்தி மீளாது போயினும், சில மாதங்களில் ஸ்டோர் வெறுமையாகிவிடும். கணினியின் உள்ளே நிகழும் இத்தகைய இழப்பினையே நினைவகக் கசிவு என்பர். அது யாது, ஏன் நேருகின்றது, எவ்வாறு கண்டு களைவது என்பவற்றைக் கணினித்துறை சாராத பழைய மாணவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியில் இயங்கும் செய்நிரல்கள் யாவற்றையும் ஆளுவது பணிசெயல் முறைமை. அதன் நடுநாயகமான பகுதியைக் கெர்னல், அதாவது கரு, என்பர். லினக்சு என்னும் கரு உலகின் பெரும்பாலான சேவைக் கணினிகளிலும், அன்ரொயிட் கைப்பேசிகளிலும் இயங்குகின்றது. செய்நிரல்களுக்கு நினைவகத்தைப் பங்கிட்டு வழங்குவது கருவின் தலையாய கடமைகளுள் ஒன்று. சாதாரணச் செய்நிரலொன்று தான் பெற்ற நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தாலும் பெருங்கேடில்லை. அது முடிவுற்றதும், அதன் பேரிலுள்ள அனைத்தையும் கரு ஒருசேர மீட்டுக்கொள்ளும். ஆனால், கருவே தன் சொந்த வேலைக்கு எடுத்த நினைவகத்தை விடுவிக்க மறந்தால், அதனை மீட்பார் யார்? கருவுக்கு மேலே கணக்குக் கேட்பவர் எவருமிலர். கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்கும்வரை அவ்விடம் பயனின்றியே கிடக்கும். கருவின் கசிவு ஏனைய கசிவுகளினின்றும் வேறுபடுவது இங்கேதான்.

கசிவு என்னும் பெயர் சிறிது மயக்கந் தருவதாகும். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அணையில் கசிவு ஏற்படின் நீர் வெளியே சென்றுவிடும். நினைவகமோ எங்கும் செல்வதில்லை. தேயிலைச் செடியடியில் விழுந்த கத்தி தோட்டத்துக்குள்ளேயே கிடப்பது போல, அது கணினிக்குள்ளேயே இருக்கின்றது. ஆயின், அஃது இருக்குமிடத்தை அறிந்தவர் எவருமிலர். நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரியைத் தாங்கி நிற்பது சுட்டி எனப்படும். ஒரு துண்டின் சுட்டிகள் யாவும் அழிந்துவிட்டால், அதனைப் பயன்படுத்தவும் இயலாது, விடுவிக்கவும் இயலாது.

ஒரு கசிவு மிகச் சிறியதாயினும் காலம் அதனைப் பெருக்கிவிடுகின்றது. ஒரு வேலைக்கு 256 பைற்று வீதம், விநாடிக்கு 100 தடவை கசிவு நிகழுவதாகக் கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆகவே நாளொன்றில் ஏறத்தாழ 221 கோடி பைற்று இழக்கப்படும். ஏறக்குறைய 400 கோடி பைற்று நினைவகமுடைய இயந்திரம் இரண்டு நாள் முடிவதற்குள் மூச்சடங்கிவிடும். கசிவு இன்னும் சிறிதாயின் இதே கதை மாதக்கணக்கில் நிகழும். அப்பொழுது இயந்திரம் நாளுக்கு நாள் மந்தமாகும்; ஒருவர் அதனை நிறுத்தித் தொடக்குவார்; குறை நீங்கியது போலத் தோன்றும்; நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்.

இனி, இக்கசிவு எங்கே பிறக்கின்றது என நோக்குவோம். ஒழுங்காக முடியும் வேலையில் கத்திகள் பெரும்பாலும் மீண்டுவிடும். நண்பகலில் பெருமழை கொட்டி, மலையிலிருந்தவர்கள் வேலையை இடையிலே விட்டுக் குறுக்குப் பாதையால் லயத்துக்கு விரையும் நாளிலேதான் கணக்குப் பிசகும். செய்நிரலிலும் அவ்வாறே. வெற்றியுறும் வழியைப் பலரும் பலகாற் சோதிப்பர். தோல்வியுற்றுத் திரும்பும் வழியைச் சோதிப்பவர் சிலரே.

இதற்கு மெய்யான சான்று ஒன்று காட்டுவோம். லினக்சுக் கருவில் மறைகுறியீட்டு முறைகளைப் பற்றிய விவரங்களைக் கேட்போர்க்கு அறிவிக்கும் பகுதியொன்று உண்டு. அது முதலில் விடையை எழுதுதற்கு நினைவகத்தில் ஓர் இடத்தைப் பெறும். பின்னர் வேறொரு பகுதியை அழைத்து அவ்விடத்தில் விவரங்களை நிரப்பச் செய்யும். நிரப்புதல் தவறினால், தவறு நேர்ந்தது என்னும் செய்தியை மாத்திரம் அறிவித்துத் திரும்பிவிடும். பெற்ற இடத்தை விடுவிக்காது. 2019 ஆம் ஆண்டில் இக்குறை பாதுகாப்புக் குறைபாடாகப் பதிவு செய்யப்பட்டது. அத்தோல்வியை வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் உண்டாக்கி நினைவகத்தை வற்றச் செய்யலாம் என்பதே காரணம். அதற்குரிய திருத்தமோ, தோல்வி வழியில் அவ்விடத்தை விடுவிக்குமாறு கூறும் ஒரு கட்டளையளவே.

மற்றுமொரு வகைக் கசிவும் உண்டு. பலர் ஒருங்கே பயன்படுத்தும் பொருளுக்கு, எத்தனை பேர் அதனைப் பற்றியுள்ளனர் என்னும் எண்ணிக்கையைக் கரு வைத்துக்கொள்ளும். ஒருவர் பற்றினால் எண் ஒன்று கூடும். விட்டால் ஒன்று குறையும். பூச்சியமானதும் அப்பொருள் விடுவிக்கப்படும். ஒருவர் விட்ட பின்னும் எண்ணைக் குறைக்க மறந்தால், அது வீணே வளர்ந்துகொண்டே போகும். இரகசியத் திறவுகோல்களைக் காக்கும் கருப்பகுதியில் இக்குறை 3.8 ஆம் பதிப்பு முதல் இருந்துவந்தது. 2016 ஜனவரியில் உலகறிய வெளியாயிற்று. அவ்வெண்ணிக்கை 32 துணுக்கு அளவினது. ஏறத்தாழ 429 கோடியைத் தாண்டினால் மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். அங்ஙனம் வரச்செய்தால், பயன்பாட்டிலிருக்கும் பொருளையே கரு விடுவித்துவிடும். அதன் வாயிலாகச் சாதாரணப் பயனர் ஒருவர் இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இயலும். கசிவு வெறும் விரயம் மாத்திரமன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

கசிவைக் காணும் முறைகள் மூன்று படிகளாக அமையும். முதலாவது, இருப்பு நோக்கல். கரு தன் சிறு பொருள்களை வகை வகையாகப் பிரித்து அடுக்கிவைக்கும். சிலாப்பு எனப்படும் இம்முறையைச் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஜெவ் பொன்விக் 1994 இல் விளக்கி வெளியிட்டார். எந்த வகைப் பொருள் எத்துணை உள்ளது என்னும் பட்டியலை லினக்சு எந்நேரமும் காட்டும். வேலைப்பளு ஒரே நிலையில் இருக்க, ஒரு வகையின் தொகை மட்டும் இறங்காது ஏறிக்கொண்டே சென்றால், ஐயம் அவ்விடத்தே எழவேண்டும்.

இரண்டாவது, அநாதைகளைத் தேடுதல். இதற்கெனக் கற்றலின் மரினாஸ் என்பார் இயற்றிய கேமெம்லீக் என்னும் கருவி 2009 இல் லினக்சின் 2.6.31 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. வழங்கப்படும் ஒவ்வொரு நினைவகத் துண்டையும், அதனைப் பெற்ற இடத்தையும் இது பேரேட்டில் பதியும். பின்னர், வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கருவின் நினைவகத்தை வருடிச் சென்று, ஒவ்வொரு துண்டையும் சுட்டும் சுட்டி எங்கேனும் உளதா எனத் தேடும். சுட்டுவாரற்ற துண்டினை அநாதையெனக் கொண்டு, அதனைப் பெற்ற செய்நிரல் வழியோடு அறிவிக்கும். ஆயினும், இக்கருவியின் சொல் இறுதித் தீர்ப்பன்று. சுட்டி வேறுருவில் மறைத்து வைக்கப்பட்டிருப்பின், குற்றமற்றதையும் குற்றமென்னும். எங்கோ கிடக்கும் வெற்றெண் ஒன்று முகவரி போலத் தோன்றின், உண்மைக் கசிவையும் தவறவிடும். எனவே அதன் அறிக்கையை மனிதர் படித்துத் தெளிதல் வேண்டும்.

மூன்றாவது, இடவாரிக் கணக்கு. செய்நிரலின் எந்த வரியிலிருந்து எவ்வளவு நினைவகம் பெறப்பட்டு இன்னும் மீளாதுள்ளது என்பதைக் காட்டும் வசதி 2024 இல் வெளிவந்த 6.10 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. செக்ரோலில் பேர் பேராகப் பார்ப்பதை இஃது ஒக்கும். சுட்டி அழியாதிருந்தும் வீணே சேர்ந்துகொண்டே போகும் நினைவகத்தைக் கேமெம்லீக் காணாது; இக்கணக்கு காட்டிக்கொடுக்கும்.

களையும் முறைக்கு வருவோம். பெற்ற வரிசைக்கு நேர்மாறாக விடுவித்தல் முதல் விதி. மூன்று பொருள்களைப் பெற்று நான்காவது கிடைக்காவிடின், மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்னும் ஒழுங்கில் யாவற்றையும் விட்டுவிட்டே வெளியேற வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பொறுப்பாளி யாரென்பது ஐயமற விளங்குதல் இரண்டாவது விதி. ஒரு பொருளை இருவர் விடுவித்தால், அது கசிவினும் கொடிய கேட்டை விளைக்கும். அவசரத்தில் செய்யும் திருத்தம் பலவேளைகளில் இப்பிழையிலேயே முடிகின்றது. மறதிக்கு இடமளியாத அமைப்புகளைக் கைக்கொள்ளுதல் மூன்றாவது. சாதனம் ஒன்று அகற்றப்படுகையில் அதன் பேரில் பெற்றவை யாவும் தாமாகவே விடுபடும் ஏற்பாடு 2007 முதல் லினக்சில் உளது. ஒரு பகுதியினின்றும் வெளியேறுங்கால் தானாகவே விடுவிக்கும் ஏற்பாடு 2023 இல் சேர்ந்தது. இறுதியாக, நினைவகம் கிடைக்கவில்லை என்று பொய்யாகத் தோல்வியை உண்டாக்கி, தோல்வி வழிகளையும் சோதித்துப் பார்க்கும் வசதியும் உண்டு. மழை வருமுன்னே மழைநாள் ஒழுங்கைப் பழகிப் பார்ப்பது போன்றதே இது.

எம் மாணவர்க்கு ஒன்று கூற விழைகின்றோம். லினக்சுக் கருவின் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாய் வெளிப்படையாக உள்ளது. அட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கும் மாணவரும், உலகின் பெரும் நிறுவனங்களில் இருப்போரும் படிப்பது ஒரே ஏட்டினையே. திருத்தம் அனுப்புவதற்குப் பதவியோ பட்டமோ கேட்கப்படுவதில்லை. திருத்தம் சரியானதா என்பதே ஆராயப்படுகின்றது. பெரும்புகழ் பெற்றோர் எழுதிய நிரலிலும் விடுபட்ட ஒரு கட்டளையைப் பொறுமையுள்ள இளைஞர் ஒருவர் கண்டுபிடிக்கலாம். அதற்கு வேண்டுவது சீ மொழியில் தேர்ச்சியும், ஆங்கில நூல்களைப் படித்துணரும் ஆற்றலும், எல்லாவற்றுக்கும் மேலாக, வழங்கியது மீண்டதா என்று ஒவ்வொரு வழியிலும் சலியாது கேட்கும் கணக்கப்பிள்ளையின் மனப்பான்மையுமே. இவற்றுள் முன்னைய இரண்டையும் கல்லூரி தரும். பின்னையதைக் கற்பிக்க, நிறுவையிலும் செக்ரோலிலும் ஒரு றாத்தலும் ஒரு பேரும் தவறக்கூடாது என்று விழித்திருந்த எம் முன்னோரின் வாழ்க்கையே போதும்.