விலைவாசியை மறந்த கணக்கு... பிரிட்டனில் ரயில் டெண்டரே ரத்தானது எப்படி?

2012 அக்டோபர் 3. லண்டனை மான்செஸ்டர், கிளாஸ்கோ நகரங்களோடு இணைக்கும் வெஸ்ட் கோஸ்ட் பாதையில் ரயில் ஓட்டும் உரிமத்துக்கான டெண்டரை பிரிட்டன் அரசு ரத்து செய்தது. ஆகஸ்ட்டில்தான் ஃபர்ஸ்ட் குரூப் ஜெயித்ததாக அறிவித்திருந்தார்கள். 1997 முதல் அங்கே ரயில் ஓட்டிவந்த வர்ஜின், கோர்ட்டுக்குப் போனது. வழக்குக்குப் பதில் தயார் செய்யும்போதுதான் சொந்தக் கணக்கிலேயே ஓட்டை இருப்பது போக்குவரத்துத் துறைக்குத் தெரிந்தது.

அப்படி என்ன தப்பு?

பொருளாதாரம் சரிந்து வருமானம் குறைந்தால், ரயில் நிறுவனம் பாதியில் கையை விரித்துவிடக் கூடாது. அதற்காகத் தாய் நிறுவனம் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கணும். அது எவ்வளவு என்று சொல்ல ஒரு கணக்கீட்டு மாடலைப் பயன்படுத்தினார்கள். இப்படி எண்களை வைத்து முடிவெடுக்க உதவும் துறைக்குப் பெயர்தான் ஆபரேஷனல் ரிசர்ச்.

மாடல் கொடுத்த தொகை 2010ஆம் ஆண்டு விலைவாசிப்படியானது. அதை அன்றன்றைய பண மதிப்பு என்று நினைத்துவிட்டார்கள். ஆண்டுக்கு 3 சதவீதம் விலை ஏறுவதாக வைத்துக்கொண்டால், 2010இன் 100 ரூபாய் பொருளுக்கு 2020இல் சுமார் 134 ரூபாய் வேணும். பல ஆண்டு ஒப்பந்தத்தில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமா? பாதுகாப்புத் தொகை தேவையைவிட ரொம்பக் குறைந்துபோனது.

இன்னொரு கூத்தும் நடந்தது. அந்த மாடல் இந்த வேலைக்காக உருவாக்கப்பட்டதே இல்லை! போதாக்குறைக்கு, அதிகாரிகள் குழு தன் விருப்பப்படி தொகையை மாற்றி, ஃபர்ஸ்ட் குரூப்புக்கு 20 கோடி பவுண்ட், வர்ஜினுக்கு பூஜ்யம் என்று வைத்தது. எண் தப்பானதைவிட, அதை யாரும் திருப்பிக் கேட்காததுதான் பெரிய கோளாறு.

போட்டியிட்ட 4 நிறுவனங்களுக்கும் செலவைத் திருப்பித் தரவே சுமார் 4 கோடி பவுண்ட் ஆகும் என்று சொல்லப்பட்டது. எல்லாம் மக்கள் வரிப்பணம்.

பிறகு என்ன மாறியது?

அரசின் எல்லாத் துறைகளின் மாடல்களையும் சோதித்த மேக்பெர்சன் அறிக்கை 2013இல் வந்தது. முக்கியமான ஒவ்வொரு மாடலுக்கும் பெயர் சொல்லும்படி ஒரு மூத்த அதிகாரி பொறுப்பேற்கணும் என்றது. 2015இல் 'அக்வா புக்' என்ற வழிகாட்டி வெளியானது. மாடலை உருவாக்காத வேறொருவர் அதைச் சரிபார்க்கணும், முடிவு எவ்வளவு தூரம் மாறக்கூடும் என்பதையும் எண்ணோடு சேர்த்தே சொல்லணும் என்கிறது அது.

வெஸ்ட் கோஸ்ட் பாதையில் வர்ஜினே மேலும் 7 ஆண்டுகள் ரயில் ஓட்டியது. 2019 டிசம்பரில் உரிமம் கைமாறியபோது, புதிய கூட்டணியின் பெரிய பங்குதாரர் ஃபர்ஸ்ட் குரூப்!