ரப்பர் ஷீட் யாருக்கு?

மட்டாஞ்சேரியில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு அக்கம்பக்கத்து வீட்டு விஷயங்கள் பாதி தானாகவே தெரிந்துவிடும். "குழந்தைக்கு ஒரு ரப்பர் ஷீட்" என்று கேட்டு வருவார்கள். அந்த வீட்டின் கடைசிக் குழந்தை படிப்பு முடிந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். நான் எதுவும் கேட்பதில்லை. பெரிய அளவாக ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவேன். ஆனால் கடையில் கேட்க முடியாததைச் சங்க மலரில் எழுதலாம் அல்லவா? வளர்ந்தவர்கள் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவதைப் பற்றித்தான் சொல்கிறேன். நாம் சர்க்கரை அளவைக் கல்யாணப் பந்தியிலேயே ஒப்பிட்டுக்கொள்கிறவர்கள். இதை மட்டும் பேச மாட்டோம்.

பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இந்தத் தொல்லை இருப்பதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதில் சிலருக்குச் சிறு வயதில் தொடங்கியது நிற்காமலே வந்துகொண்டிருக்கும். இரவில் சிறுநீர் குறைவாக ஊறுவதற்காக மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது போதாவிட்டாலோ, பை சீக்கிரம் சுருங்கிவிட்டாலோ, அந்த நேரத்தில் விழிப்பும் வராவிட்டாலோ படுக்கை நனையும். சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பரம்பரையாகவும் வருவது. 1995-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 13-ஆம் குரோமோசோமில் இதற்கான தொடர்பைக் கண்டறிந்தார்கள். ஆகவே மகனைத் திட்டுமுன் அப்பாவும் தம் தாயாரிடம் பழைய கதையைக் கேட்டுக்கொள்வது நல்லது!

இவர்களுக்கு வைத்தியம் உண்டு. ஈரம் பட்டவுடன் மணியடித்து எழுப்பும் கருவி ஒன்று. ஆஸ்திரிய மருத்துவர் ஃபவுண்ட்லர் 1904-லேயே இதை எழுதி வைத்தார். நர்ஸுகளுக்குச் சேதி சொல்ல வைத்த மணி குழந்தைகளின் வழக்கத்தையே மாற்றியதைக் கண்டாராம். பெரியவர்களுக்கும் பயன்படுகிறது, ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். இன்னொன்று டெஸ்மோபிரெசின் மாத்திரை. இதைச் சீட்டு இல்லாமல் கேட்டால் நான் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். வயதானவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது மற்ற வகையைப் பற்றி. ஐம்பது அறுபது வருடம் ஒரு தொல்லையும் இல்லாதவருக்குத் திடீரென்று ஆரம்பித்தால், "வயசாயிட்டுது" என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை வியாதியாக இருக்கலாம். சிறுநீர்த் தாரையில் கிருமி, மலச்சிக்கல், நரம்புக் கோளாறு, தூக்க மாத்திரை, இரவில் குடி, பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்க நோய் என்று எதுவாகவும் இருக்கலாம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பலசரக்கு வியாபாரம் செய்த ஒரு பெரியவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பேத்தி கல்யாணத்துக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று ஒரேயடியாக மறுத்தார். மருமகளோடு மனஸ்தாபம் என்று ஊர் பேசியது. பிறகு ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, "ராத்திரி ரயில்ல தூங்கிட்டா என்ன செய்ய, தம்பி?" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. மகன்கள் செய்தது என்னவென்றால் சாயங்காலம் முதல் தண்ணீரை நிறுத்தியதுதான். அது பலிக்கவில்லை.

எறணாகுளத்தில் ஸ்கேன் செய்தபோது, சிறுநீர் கழித்த பிறகும் அவர் பை நிறைந்தே இருந்தது. பிராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. நிறைந்த குடம் வழிவதுபோல் தூக்கத்தில் வழிகிறது. வலியே இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்படியே விட்டால் சிறுநீரகம் கெடும். சில வாரம் டியூப் வைத்தார்கள், பிறகு ஆபரேஷன். இப்போது படுக்கை நனைவதில்லை. கல்யாணம்தான் அதற்குள் முடிந்துவிட்டது. பேத்தியும் மாப்பிள்ளையும் இங்கே வந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனார்கள்.

டாக்டரிடம் போகுமுன் மூன்று நாள் ஒரு கணக்கு எழுதுங்கள். என்ன குடித்தீர்கள், எப்போது, எத்தனை முறை போனீர்கள், அளவுக் குவளையில் எவ்வளவு, எந்த இரவு நனைந்தது. இந்தத் தாள் பாதி நோயைச் சொல்லிவிடும். பகலில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம், குறைத்தால் மலச்சிக்கலும் கிருமியும்தான் மிச்சம். ராத்திரிச் சாப்பாட்டோடு டம்ளர் டம்ளராகச் சீரக வெள்ளம் குடிப்பதையும், அதன்மேல் ஒரு சாயாவையும் விடலாம். காலில் நீர் கோத்திருப்பவர்கள் மாலையில் சற்று நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால், அந்த நீர் தூங்குமுன்னே இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நேரம் மாற்றாதீர்கள்.

மழைக்காலத்தில் நம் சந்து வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தை நனைந்தால் காயாது. ரப்பர் ஷீட்டின்மேல் பருத்தித் துணியை நாலாக மடித்துப் போட்டு, தினமும் துணியை மட்டும் மாற்றுங்கள். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் தமிழர்கள் தலைமுறைகளாகத் துவைத்துவரும் தோபிகானா இருக்கிறது. அங்கே போடவும் வெட்கப்பட்டு, நடுநிசியில் குழாயடியில் ஒற்றையாகத் துவைக்கும் மனைவிமாரை எனக்குத் தெரியும். அவர்களின் இடுப்பு வலிக்கும் நான்தான் தைலம் கொடுக்கிறேன். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வேறு உதவியும் உண்டு. 2008-ல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கை கொண்டுவந்த பிறகு, உள்ளாட்சி அமைப்புகள் மூலம் நர்ஸுகள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வார்டு கவுன்சிலரையோ ஆஷா பணியாளரையோ கேட்டால் வழி சொல்வார்கள்.

மலையாள டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குபவர்களுக்கு ஒரு வாக்கியம் எழுதித் தருகிறேன். "உறக்கத்தில் அறியாதெ மூத்ரம் போகுன்னு." சொல்ல வாய் வராவிட்டால் மூன்று நாள் கணக்கெழுதிய தாளின் தலையில் இதை எழுதி நீட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.