சுமையின் கணக்கு – 9: அட்டையை மாற்றினால் பாவு மாறுமா?

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் வரும் சாலையிலும், வெள்ளைகேட்டைத் தொட்டுப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்குக் குறைவில்லை. வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்பது ட்ரெய்லர் வைத்திருப்பவர்களின் பழைய ஆசை. அந்தக் காலத்தில் டீசல் பம்பின் திருகைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பும். இன்று திருகு போய், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட்டும் டியூனிங்காரர் மடியில் ஒரு லேப்டாப்பும் வந்துவிட்டன. அந்தத் திரையில் தெரிவது கட்டம் போட்ட ஓர் அட்டவணை. எஞ்சின் இத்தனை சுற்று சுற்றும்போது, ஆக்சிலரேட்டர் இவ்வளவு மிதிபட்டிருந்தால், ஒரு தெளிப்புக்கு இத்தனை மில்லிகிராம் டீசல். கட்டத்துக்குக் கட்டம் எண்ணைக் கூட்டுவதுதான் ரீமேப். தறியில் ஜக்கார்டு அட்டை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. எங்கே துளை, எங்கே துளையில்லை என்பதை வைத்து எந்த இழை எழும்ப வேண்டும் என்று அட்டை சொல்கிறது. வேறு அட்டை கோத்தால் புட்டா மாறும். பாவு மாறாது, இழை தாங்கும் இழுப்பும் பழையதுதான். ட்ரெய்லர் விஷயத்திலும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

இழுவை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உள்ளே இருப்பது இரண்டு. நின்ற சுமையை நகர்த்துவது ஒன்று, ஏற்றத்தில் வேகம் குறையாமல் ஏறுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் கியர் விகிதத்தின் வேலை. பின் ஆக்சிலில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 7 பல் என்றால் விகிதம் 5.86. பினியனில் ஒரு பல்லைக் குறைத்து 6 ஆக்கினால் 6.83. எஞ்சினைத் தொடாமலே சக்கரத்தில் முறுக்குவிசை ஆறில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பதிலுக்கு அதே வேகத்தில் எஞ்சின் அந்த அளவுக்கு அதிகமாகச் சுற்றும், மைலேஜ் அடிவாங்கும். இரண்டாவதற்குத்தான் குதிரைசக்தி வேண்டும். கணக்குப் போட்டே பார்க்கலாம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில், 55 டன் எடையுடன், 250 குதிரைசக்தி வண்டி மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். ரீமேப்பில் 20 சதவீதம் கூட்டி 300 ஆக்கினால் 22. அப்படி ஓர் ஏற்றம் 5 கிலோமீட்டர் நீண்டாலும் மிச்சமாவது சுமார் மூன்று நிமிடம்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சமதரையில் அதுவும் இல்லை.

அந்த மூன்று நிமிடத்துக்கான விலையை கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும் கொடுக்கின்றன. டாடாவின் 55 டன் சிக்னா 5530 வண்டியில் எஞ்சின் தருவது 1100 நியூட்டன் மீட்டர். அதோடு வரும் கியர்பாக்ஸின் பெயர் ஜி1150. பெயரிலுள்ள எண்ணே அது தாங்கும் முறுக்குவிசை. மிச்சம் விட்டிருப்பது வெறும் 50. இதில் 20 சதவீதம் கூட்டினால் எஞ்சின் 1320 தரும். பெட்டி அன்றே உடைந்துவிடாது. பல்லின் மேல்தோல் பொரிந்து, பேரிங் தேய்ந்து, டியூனிங் கணக்கில் சேராத ஒரு செலவாக என்றோ ஒரு நாள் வந்து நிற்கும். “ஒரே எஞ்சினைத்தான் கம்பெனிக்காரனே 250, 300 என்று இரண்டு விதமாக விற்கிறான், நாம் செய்தால் மட்டும் தப்பா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கம்மின்ஸின் 6.7 லிட்டர் எஞ்சின் அப்படித்தான் வருகிறது. ஆனால் 300-ஐ விற்கும்போது அதற்கேற்ற கிளட்ச், பெட்டி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் சோதித்து, வாரன்டியும் போட்டுத் தருகிறார்கள். லேப்டாப்பில் வருவது அட்டை மட்டும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் வண்டிகளுக்கு உண்மையிலேயே பலம் போதாது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது ட்ரெய்லரின் மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 ஆனது. 250 குதிரைசக்தி என்றால் டன்னுக்கு நாலரை. ஐரோப்பாவில் 40 டன் வண்டிக்கு 450 சாதாரணம். அங்கே டன்னுக்குப் பதினொன்று. குறை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், மருந்தைத்தான் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் படகும் கேரவனும் இழுக்கும் பிக்கப் வண்டிகளில் இழுவைக்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கியர் மாறும் நேரம் தள்ளிப்போகும். இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் பெட்டி தானாகவே கீழ் கியருக்கு வந்து எஞ்சினால் வேகத்தைப் பிடிக்கும். ஏற்றத்துக்கு எவ்வளவு யோசித்தார்களோ அவ்வளவு இறக்கத்துக்கும் யோசித்திருக்கிறார்கள்.

வைகாசியில் வரதராஜர் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஊரே வரும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடத் தேர்ந்த சிலரால்தான் முடியும். மேலே சொன்ன ஏற்றத்தையே திருப்பிப் போட்டு, 55 டன்னோடு மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால், வேகம் கூடாமல் பிடிக்க பிரேக்குகள் கரைக்க வேண்டிய சக்தி சுமார் 250 குதிரைசக்தி. எஞ்சினின் முழுப் பலமும் வெப்பமாக பிரேக் டிரம்மில் இறங்குகிறது. தருமபுரி – சேலம் சாலையின் தொப்பூர் கணவாயில் லாரிகள் திரும்பத் திரும்ப விபத்தில் சிக்குவது இறக்கத்தில்தான். ரீமேப் அந்த டிரம்மை ஒரு டிகிரிகூடக் குளிர்விக்காது.

சட்டமும் எதிராகத்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்ற விடுவதில்லை; 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 வண்டிகளில் யூரியா அமைப்பும் புகை வடிகட்டியும் பழைய டீசல் கணக்கை நம்பி வேலை செய்பவை, அவையும் குழம்பும். புது வண்டி எடுப்பவர் 250 குதிரைசக்தி 5525-க்கும் 300 குதிரைசக்தி 5530-க்கும் உள்ள வித்தியாசத்தை ஷோரூமிலேயே கேட்கலாம். கூடவே ஆக்சில் விகிதம் என்ன, பிரேக்கைத் தொடாமலே இறக்கத்தில் வேகத்தைப் பிடிக்கும் ரிடார்டர் கிடைக்குமா என்றும். வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர், ரீமேப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் பிரேக் லைனிங்கையும் முதலில் பார்க்கட்டும்.