30 ஆம்ப் மின்சாரத்தில் கேம்பர் ஏசி

டெக்சஸிலும் அரிசோனாவிலும் ஆகஸ்ட் பிற்பகல் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும். மெல்லிய சுவரும் தட்டைக் கூரையும் கொண்ட கேம்பர் டிரெய்லருக்குள் அந்த நேரத்தில் ஏசி இல்லாமல் இருக்க முடியாது. கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் ஏசி அத்தியாவசியம். ஆனால் கேம்ப்கிரவுண்டில் கிடைக்கும் மின்சாரத்துக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் ஏசியும் நிற்காது, கம்ப்ரஸரும் கெடாது.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரு மின்பெட்டி இருக்கும். அதில் 20, 30, 50 ஆம்ப் சாக்கெட்டுகள் இருக்கும்; பழைய இடங்களில் 50 இருக்காது. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். ஆகவே 20 ஆம்ப் என்றால் 2,400 வாட், 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். 50 ஆம்ப் சாக்கெட்டில் 120 வோல்ட் இணைப்புகள் இரண்டு சேர்ந்து வருவதால் 12,000 வாட் வரை எடுக்கலாம். ஊரில் 230 வோல்ட்டுக்குப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் ஆறரை ஆம்ப் எடுக்கும் 1,500 வாட் சாதனம் அமெரிக்காவில் பன்னிரண்டரை ஆம்ப் எடுக்கும்.

மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். 30 ஆம்ப் இணைப்பில் அது 24 ஆம்ப்.

ஏசி போக மிச்சம் என்ன?

கூரையில் பொருத்திய 13,500 பிடியு ஏசி ஓடும்போது ஏறக்குறைய 12 முதல் 15 ஆம்ப் எடுக்கும். 14 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 10 ஆம்ப். மைக்ரோவேவ், ஹேர் டிரையர், மின்சார வாட்டர் ஹீட்டர் ஆகியவை ஒவ்வொன்றும் 12 ஆம்ப் அளவில் எடுப்பவை. எனவே இவற்றில் எதையும் ஏசியோடு சேர்த்து ஓட்டக் கூடாது.

பலர் ஏமாறுவது வாட்டர் ஹீட்டரில்தான். சுவிட்சைப் போட்டு மறந்துவிடுவார்கள். தண்ணீர் ஆறியதும் அது தானாகவே எரியத் தொடங்கும். ஏசிக்கு 14, ஹீட்டருக்கு 12, பேட்டரி சார்ஜருக்கு 5 என்று கூட்டினால் 31 ஆகிவிடுகிறது. சில நிமிடம் தாங்கிவிட்டு பிரேக்கர் ட்ரிப் ஆகலாம். வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸில் ஓட்டும் வசதி இருந்தால் ஏசி ஓடும் நேரத்தில் அதற்கு மாற்றிவிடுங்கள். மைக்ரோவேவ் தேவைப்பட்டால் ஏசியை ஃபேனுக்கு மாற்றிவிட்டுச் சமையுங்கள். கம்ப்ரஸரை மீண்டும் போடுவதற்கு முன் மூன்று நிமிடமாவது விடுங்கள். ஏசிக்குள் இருக்கும் குளிரூட்டும் வாயுவின் அழுத்தம் சமமாகாமல் கிளப்பினால் மோட்டார் திணறும்.

கிளம்பும் கணம்

கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு விநாடிக்கும் குறைவாக 50, 60 ஆம்ப் வரை இழுக்கும். 30 ஆம்ப் பிரேக்கர் அந்தக் கணத்தைப் பொறுத்துக்கொள்ளும். சின்ன ஜெனரேட்டரும், வீட்டின் 15 ஆம்ப் இணைப்பும் பல நேரம் தாங்காது. மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் இந்த இழுப்பு பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் ஓடும்போது எடுக்கும் ஆம்ப்பை அது குறைக்காது.

வோல்ட் குறைவதுதான் பெரிய ஆபத்து

பிரேக்கர் ட்ரிப் ஆனால் பயப்பட வேண்டியதில்லை. அது வயரைக் காப்பாற்றுகிறது. வோல்ட் குறைந்தால் அதைப் பிரேக்கரால் கண்டுபிடிக்க முடியாது. பிற்பகலில் எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடும்போது, வயரிங் பழையதாக இருந்தால் 120 வோல்ட் 105 வரை இறங்கலாம். வோல்ட் இறங்கியதும் மோட்டார் அதே வேலைக்குக் கூடுதல் ஆம்ப் இழுக்கும், காயில் சூடேறும். 104 வோல்ட்டில் அதன் கிளப்பும் விசை கால்பங்கு குறைந்துவிடும். கிளம்ப முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும் கம்ப்ரஸர் நாளடைவில் எரிந்துபோகும்.

சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்று வண்டிக்குள் எப்போதும் இருக்கட்டும். ஏசி ஓடும்போது அதைப் பாருங்கள். 108க்குக் கீழே வந்தால் மற்ற சாதனங்களை அணையுங்கள். 104ஐத் தொட்டால் ஏசியையே நிறுத்துங்கள். இந்த அளவில் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிகளும் கிடைக்கின்றன.

வயரும் பிளக்கும்

வோல்ட் நம் வயரிலும் குறையும். 50 அடி நீளமுள்ள 16 கேஜ் எக்ஸ்டென்ஷன் வயரில் 14 ஆம்ப் ஓடினால் ஐந்தரை வோல்ட் அதிலேயே போய்விடும், வயரும் சூடாகும். அதைவிடத் தடித்த 10 கேஜ் வயரில் இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவு. 30 ஆம்ப் இணைப்புக்கு 10 கேஜ்தான் சரி. அரை மணி நேரம் ஏசி ஓடியபின் பிளக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தேய்ந்திருக்கிறது; வேறு இடம் கேளுங்கள். பிளக்கைச் செருகும்போதும் எடுக்கும்போதும் மின்பெட்டியின் பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும்.

ஏசியின் வேலையைக் குறையுங்கள்

கூரை ஏசி, உள்ளே இழுக்கும் காற்றை ஏறக்குறைய 20 டிகிரி ஃபாரன்ஹீட்தான் குளிர்விக்கும். வண்டி கொதித்தபின் போட்டால் இரவு வரை ஈடுகொடுக்காது, காலையிலேயே போட்டுவிடுங்கள். நிழலுள்ள இடத்தில் நிறுத்துவதும், ஜன்னலை மறைப்பதும், ஃபில்டரைச் சுத்தமாக வைப்பதும் செலவில்லாத உதவி.

இத்தனையும் செய்தாலும் கேம்ப்கிரவுண்டின் மின்சாரம் நம் கையில் இல்லை. ஏசி ஓடுகிறது என்ற நம்பிக்கையில் குழந்தையையோ நாயையோ வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.