ஸ்கூட்டர் மின்னேற்ற அமைப்பு மேம்பாடு

ஸ்கூட்டர் மின்னேற்ற அமைப்பு மேம்பாடு என்பது, எஞ்சின் ஓடும்போது உண்டாகும் மின்சாரம் கூடுதலான அளவிலும் சீரான மின்னழுத்தத்திலும் பேட்டரியைச் சென்றடையும்படி ஸ்கூட்டரின் மின்சுற்றைத் திருத்தி அமைக்கும் வேலையாகும். பேட்டரி அடிக்கடி இறங்கிப்போதல், செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யாமை, எஞ்சின் மெதுவாக ஓடும்போது முகப்பு விளக்கு மங்குதல் ஆகிய குறைகளைப் போக்க இது செய்யப்படுகிறது. மின்னழுத்தம் அளக்கத் தெரிந்தவர், பற்றவைப்புக் கோல் பிடிக்கப் பழகியவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. ஆனால் தவறாகச் செய்தால் கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்கவும், இரவில் ஓடும் வண்டியில் விளக்கு அணைந்துபோகவும் வாய்ப்புண்டு.

இக்கட்டுரை கார்புரேட்டர் பொருத்திய 12 வோல்ட்டு ஸ்கூட்டர்களைப் பற்றியது. எரிபொருள் உட்செலுத்தும் முறை கொண்ட வண்டிகளுக்கு இதிலுள்ள அளவீட்டு முறைகள் மட்டுமே பொருந்தும்.

பின்னணி

வெஸ்பா, லாம்பிரெட்டா வழிவந்த பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. 6 வோல்ட்டு மேக்னட் காயிலிலிருந்து வரும் மாற்று மின்னோட்டம் நேரடியாக விளக்குக்கும் ஹாரனுக்கும் சென்றது. உதைத்து இயக்கும் வண்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1984-இல் இந்தியாவில் அறிமுகமான கைனடிக் ஹோண்டா, பொத்தானை அழுத்தி இயக்கும் வசதியைப் பரவலாக்கியது. அதன் பின்னர் வந்த கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பேட்டரியும் அதற்கு மின்னேற்றும் அமைப்பும் இன்றியமையாதவை ஆயின.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கு தானாக எரியும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது எரிபொருள் உட்செலுத்தும் முறை பரவலானது. இத்தகைய வண்டிகள் தொழிற்சாலையிலேயே கூடுதல் மின்திறனுடன் வடிவமைக்கப்பட்டவை. மேம்பாடு பெரும்பாலும் தேவைப்படுவது அவற்றுக்கு முந்தைய வண்டிகளுக்கே.

அமைப்பும் செயல்பாடும்

ஸ்கூட்டரின் மின்னேற்ற அமைப்பில் மூன்று உறுப்புகள் உள்ளன.

1. மின்னாக்கி: எஞ்சினின் சுழல்தண்டுடன் சுற்றும் காந்தச் சக்கரமும், அதனுள் அசையாமல் இருக்கும் கம்பிச் சுருள்களும் சேர்ந்தது. பட்டறைகளில் இவற்றை மேக்னட், காயில் தட்டு என்பர். இது மாற்று மின்னோட்டத்தைத் தருகிறது. எஞ்சின் வேகம் கூடினால் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் கூடும்.

2. ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்: மாற்று மின்னோட்டத்தை ஒருதிசை மின்னோட்டமாக மாற்றி, மின்னழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் உறுப்பு. பட்டறை வழக்கில் ஆர்.ஆர். யூனிட் எனப்படும். வெப்பத்தை வெளியேற்ற அலுமினிய விலாக்கள் கொண்டது.

3. பேட்டரி: பெரும்பாலும் 12 வோல்ட்டு, 3 முதல் 5 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில பேட்டரி.

அரை அலை முறையும் முழு அலை முறையும்

பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் காயிலின் ஒரு முனை எஞ்சின் உடலோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். மறுமுனையில் வரும் அலையின் ஒரு பாதி பேட்டரிக்கும், மற்றொரு பாதி முகப்பு விளக்குக்கும் பங்கிடப்படும். செலவு குறைவு என்பதால் இம்முறை நீண்டகாலம் நீடித்தது. ஆக்சிலரேட்டரைத் திருகும்போது விளக்கு பிரகாசமாவதும், விட்டவுடன் மங்குவதும் இதன் அடையாளம்.

முழு அலை முறையில் காயிலின் இரு முனைகளும் எர்த்திலிருந்து பிரிக்கப்பட்டு, நான்கு டையோடுகள் கொண்ட பாலச் சுற்றுக்குச் செல்கின்றன. அலையின் இரு பாதிகளும் ஒரே திசையில் பேட்டரியை அடைகின்றன. இயற்பியல் பாடத்தில் படிப்பதுபோல, அரை அலைத்திருத்தியின் சராசரி மின்னழுத்தம் உச்ச மதிப்பில் 31.8 விழுக்காடு, முழு அலைத்திருத்தியில் 63.7 விழுக்காடு. ஆயினும் ஸ்கூட்டரில் பேட்டரிக்குக் கிடைக்கும் மின்னோட்டம் சரியாக இருமடங்கு ஆவதில்லை. காயிலின் தூண்டல் பண்பு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. பாலச் சுற்றில் ஒரே நேரத்தில் இரண்டு டையோடுகள் வழியாக மின்சாரம் செல்வதால் ஏறத்தாழ 1.4 வோல்ட்டும் இழக்கப்படுகிறது.

முதலில் அளவீடு

பேட்டரி இறங்குவதற்கெல்லாம் மின்னேற்றக் குறைவே காரணம் அன்று. பழுதைக் கண்டறியாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், புதியதும் சில மாதங்களில் அதே நிலையை அடையும். ஆகவே எந்தக் கம்பியையும் வெட்டும் முன் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு பின்வருவனவற்றை அளக்க வேண்டும்.

• ஓய்வு நிலை: வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தியபின் பேட்டரி முனைகளில் 12.6 முதல் 12.8 வோல்ட்டு இருந்தால் முழு மின்னேற்றம். 12 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் பெருமளவு இறங்கிவிட்டது.

• ஓடும் நிலை: எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டும்போது 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை இருப்பது நலம். 13 வோல்ட்டைத் தாண்டவில்லை எனில் மின்னேற்றம் போதவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்துக் கெடும்.

• கம்பி இழப்பு: எஞ்சின் ஓடும்போது ஆர்.ஆர். யூனிட்டின் நேர்முனை வெளியீட்டுக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எர்த் பக்கத்திலும் இவ்வாறே அளக்க வேண்டும். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால், 5 ஆம்பியர் செல்லும்போது அரை வோல்ட்டு அங்கேயே வீணாகும். 14.2 வோல்ட்டு என்பது 13.7 ஆகிவிடும்.

• கசிவு மின்னோட்டம்: சாவியை அணைத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, மில்லி ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரைத் தொடராக இணைத்து அளக்க வேண்டும். திருட்டுத் தடுப்பு அலாரம் போன்ற ஒரு கருவி 20 மில்லி ஆம்பியர் எடுத்தால், நாளொன்றுக்கு 0.48 ஆம்பியர்-மணி செலவாகும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு நாளில் காலியாகும்.

கப்ளர்களைத் துடைத்து இறுக்குவதாலும் எர்த் புள்ளியில் பெயின்டைச் சுரண்டி உலோகத்தில் பதியச் செய்வதாலும் மட்டுமே பல வண்டிகளின் குறை தீர்ந்துவிடும்.

மின்திறன் கணக்கு

மேம்பாடு தேவையா என்பதை வரவு-செலவுக் கணக்கே சொல்லும். எடுத்துக்காட்டாக, முகப்பு விளக்கு 35 வாட், பின்விளக்கு 5 வாட், மீட்டர் விளக்குகள் 3 வாட் எனில் தொடர்ச்சியான செலவு 43 வாட். 21 வாட் பிரேக் விளக்கு கால்பங்கு நேரம் எரிவதாகக் கொண்டால் சராசரி 5 வாட். இண்டிகேட்டர்களுக்கு 1 வாட் சேர்த்தால் மொத்தம் 49 வாட். 14 வோல்ட்டில் இது 3.5 ஆம்பியர். பேட்டரிக்கு மின்னேற்றவும் மிச்சம் வேண்டும்.

எல்.இ.டி. விளக்கு மாற்றினால் பேட்டரி பிழைக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. முகப்பு விளக்கு நேரடியாக மாற்று மின்னோட்டத்தில் எரியும் அரை அலை வண்டியில் இது பொருந்தாது. அங்கே முகப்பு விளக்கும் பேட்டரியும் வெவ்வேறு அரை அலைகளில் வாழ்கின்றன. விளக்கில் மிச்சம் பிடிக்கும் வாட் பேட்டரிக்குச் செல்வதில்லை. பேட்டரி வழியாக எரியும் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றை மாற்றினால்தான் பயன் உண்டு. முழு அலைக்கு மாற்றியபின் எல்லா விளக்குகளும் ஒரே கணக்கில் வருவதால் எங்கே குறைத்தாலும் பேட்டரிக்கு ஆதாயமே. ஆனால் இழை பல்புக்காக வடிவமைத்த பிரதிபலிப்பானில் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால் ஒளி சிதறி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யலாம்.

முழு அலைக்கு மாற்றும் முறை

பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்தபின் அதையே கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டாலும் குறுக்குச்சுற்று ஏற்படாமலிருக்க இதுவே வழி. வண்டியின் ஒயரிங் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். கம்பி நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

1. விசிறி மூடியையும், உரிய புல்லரைக் கொண்டு காந்தச் சக்கரத்தையும் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் காந்தம் உடையக்கூடும்.

2. காயில் தட்டில் எர்த் செய்யப்பட்டுள்ள விளக்கு-மின்னேற்றச் சுருளின் முனையைக் கண்டறிய வேண்டும். சில வண்டிகளில் தீப்பொறிக்கான சுருள் ஒன்று தனியே நாடா சுற்றப்பட்டு இருக்கும். அதையும் பல்சர் காயிலையும் தொடக்கூடாது. அவற்றின் எர்த் அப்படியே இருக்க வேண்டும்.

3. கண்டறிந்த முனையை எர்த்திலிருந்து பிரித்து, வெப்பம் தாங்கும் உறையுள்ள புதிய கம்பியைப் பற்றவைத்து வெளியே கொண்டுவர வேண்டும். சுழலும் சக்கரத்தில் உரசாதபடி கட்டி, எபாக்சி பூச வேண்டும்.

4. மறுமுனையைத் தேர்ந்தெடுக்க மின்தடையை அளக்கலாம். சுருளிலிருந்து இரண்டு கம்பிகள் வெளிவந்தால், புதிய கம்பியோடு அதிகத் தடை காட்டுவதே முழுச்சுருளின் முனை. இடையிலிருந்து வரும் மற்ற கம்பியை நன்றாக மூடிக் காப்பிட வேண்டும்.

5. இப்போது புதிய கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டர் எந்தத் தொடர்பையும் காட்டக்கூடாது. இச்சோதனையில் தேறாமல் அடுத்த படிக்குச் செல்லக்கூடாது.

6. சுருளின் இரு முனைகளையும் ஒற்றைக் கட்ட முழு அலை ஆர்.ஆர். யூனிட்டின் இரு மாற்று மின்னோட்ட உள்ளீடுகளில் இணைக்க வேண்டும். வெளியீட்டின் நேர்முனையை உருகி வழியாகப் பேட்டரிக்கும், எதிர்முனையை எர்த்துக்கும் இணைக்க வேண்டும். மின்னழுத்தத்தை உணரும் தனிக் கம்பி இருப்பின் அது சாவிக்குப் பின்வரும் இணைப்பில் சேரும்.

7. முகப்பு விளக்குக்குச் சென்ற பழைய மாற்று மின்னோட்டக் கம்பியைப் பழைய கப்ளரிலிருந்து பிரித்து, பேட்டரியிலிருந்து உருகியும் ரிலேயும் வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். ரிலேயைச் சாவி இயக்க வேண்டும்.

8. தானியங்கி சோக் பல வண்டிகளில் விளக்குக் கம்பியிலிருந்தே மின்சாரம் பெறுகிறது. அதையும் சாவிக்குப் பின்வரும் ஒருதிசை மின்னோட்டத்துக்கு மாற்ற வேண்டும். மறந்தால் சோக் மூடாமல் பெட்ரோல் செலவு கூடும்.

பழைய யூனிட்டிலும் புதிய யூனிட்டிலும் நான்கு கம்பிகள் இருக்கலாம். கப்ளரும் ஒன்றுபோல் பொருந்தலாம். ஆயினும் எர்த் பிரிக்காத காயிலில் முழு அலை யூனிட்டை மாட்டினால், அலையின் ஒரு பாதியில் எர்த், டையோடு, காயில் ஆகியவை மூடிய வளையமாகிக் குறுக்குச்சுற்று உண்டாகும். காயிலும் டையோடும் கருகும். வீட்டில் செய்யும் மாற்றங்களில் கவனிக்கவேண்டிய முதன்மையான ஆபத்து இதுவே.

உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

ரெகுலேட்டர்களில் இரு வகை உண்டு. இணை வகை, தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைத் தைரிஸ்டர் மூலம் குறுக்கிட்டு வெப்பமாக்கும். விளக்கு எரியாவிட்டாலும் காயில் சுமையுடனேயே இருக்கும். தொடர் வகை, தேவையில்லாதபோது இணைப்பைத் துண்டிக்கும். காயிலும் யூனிட்டும் குளிர்ச்சியாக இருக்கும்; விலை கூடுதல். எவ்வகையாயினும் காற்று படும் இடத்தில், உலோகப் பரப்போடு ஒட்டிப் பொருத்த வேண்டும்.

2 மீட்டர் நீளமுள்ள 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 ஆம்பியர் சென்றால் ஏறத்தாழ 0.35 வோல்ட்டு இழப்பு, 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.12 வோல்ட்டு மட்டுமே. உருகி பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அது காப்பது கம்பியையே. ஆகவே உருகி அடிக்கடி போகிறது என்று அளவைக் கூட்டுவது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

சோதனையும் வரம்புகளும்

மின்னேற்றச் சோதனையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். மூடிய அறையில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்து. பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கக்கூடாது. கட்டுப்பாடற்ற மின்னழுத்தம் பல்புகளையும் மின்னணு உறுப்புகளையும் கெடுக்கலாம். முகப்பு விளக்கு எரியும் நிலையில், சிக்னலில் நிற்பதுபோல் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அளக்க வேண்டும். 12.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், நெரிசலில் ஓடும் வண்டிக்கு அச்சுமை அதிகம். அப்போது சுமையைக் குறைப்பதோ கூடுதல் திறனுள்ள காயில் தட்டைப் பொருத்துவதோ தீர்வாகும். பெரிய பேட்டரி மாட்டுவது தீர்வன்று. வரவு கூடாமல் பெட்டியைப் பெரிதாக்குவது போன்றது அது.

மாற்றிய வண்டியில் சாவி போட்டாலே விளக்கு எரியும். எஞ்சின் ஓடாமல் சாவியை விட்டுவைத்தால் 35 வாட் விளக்கு 4 ஆம்பியர்-மணி பேட்டரியை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளில் இம்மாற்றம் செய்யத்தகாது. அவற்றில் பல, ஸ்டார்ட்டரும் மின்னாக்கியும் ஒன்றேயான அமைப்பும் கட்டுப்பாட்டுக் கணினியும் கொண்டவை. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் ஒயரிங்கை வெட்டினால் உத்தரவாதம் இழக்க நேரிடலாம். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதல் சில நாள்களுக்குப் பயணம் முடிந்ததும் ஆர்.ஆர். யூனிட், கப்ளர், உருகிக்கூடு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். யூனிட் சூடாவது இயல்பு. கப்ளரின் பிளாஸ்டிக் இளகினாலோ பழுப்பேறினாலோ அங்கே இணைப்பு தளர்ந்துள்ளது எனப் பொருள். அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கக்கூடாது.