கரை உடையுமுன் காப்போம்

ஐப்பசி அடைமழைக்கு முன்பே வீராணம் ஏரிக்கரையைப் பலப்படுத்த வேண்டும் என்பதைக் கடலூர், சிதம்பரம் பகுதியினராகிய நாம் நன்கறிவோம். ஈரல் நோயாளியின் இரைப்பையிலும் அப்படியொரு கரை உண்டு.

மதுவாலோ, பி, சி வகைக் காமாலைக் கிருமிகளாலோ ஈரல் தழும்பேறிச் சுருங்குவதே சிரோசிஸ். குடலிலிருந்து வரும் இரத்தம் அதனுள் எளிதில் புக முடியாமல் தேங்குவதால், இரைப்பைச் சிரைகள் புடைக்கின்றன. வலி இராது, உடைந்தாலோ இரத்த வாந்தி, உயிருக்கே ஆபத்து!

எண்டோஸ்கோப்பிப் பரிசோதனை இப்புடைப்பை முன்பே காட்டிவிடும். புரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைக்கும். பசை ஊசி சிரையை அடைக்கும். அதுவரை இரைப்பைச் சிரையில் இரத்தம் கசியாத 89 பேரிடம் டில்லி மருத்துவர்கள் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், பசை ஊசி பெற்றோருக்கே கசிவு மிகக் குறைவு. எது ஏற்றதென மருத்துவரே முடிவு செய்வார்.

நம் இல்லத்தில் ஈரல் நோயாளி இருப்பின், மதுவை விடச் செய்வோம். இரத்தம் வருமுன்பே பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம்.