கம்பஸ் போன மகளும் காத்திருக்கும் தாயும்

பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் எமது ஊர்களில் பெரும் மகிழ்ச்சி. பாடசாலை வாசலில் பிள்ளையின் படம் ஏறும். கோயிலில் அர்ச்சனை நடக்கும். ஆனால் அந்தப் பிள்ளை முதலாம் வருடத்தை எப்படிக் கழிக்கிறாள் என்று பின்னர் எவரும் கேட்பதில்லை. உள்ளே நுழைவதற்குப் பட்ட பாட்டைவிட, நுழைந்தபின் நிலைத்து நிற்பதற்குப் படும் பாடு பல பிள்ளைகளுக்கு அதிகம்.

எமது அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டப்படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. முகாமைத்துவம், விஞ்ஞானம் போன்ற துறைகளுக்கு 40 வீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதமானோர் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களிலிருந்தும் தெரிவாகின்றனர். வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்று மாவட்டங்களும் அந்த 16இல் அடங்கும். கதவு திறந்தே இருக்கிறது. யுத்தம் தின்ற குடும்பத்துப் பிள்ளை அதற்குள் எப்படிக் காலூன்றுவது என்பதே கேள்வி.

வவுனியா பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்கும் முல்லைத்தீவு மாவட்ட மாணவி ஒருவரையும் அவரது தாயாரையும் சந்தித்தோம். பெயர் வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டனர். முதல் வருடத்தின் இரண்டாவது செமஸ்ரருக்கு அந்த மாணவி ஆயத்தமாகிக் கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய இந்நிறுவனம் மன்னார் வீதியில் பம்பைமடுவில் அமைந்துள்ளது. “2009இலை இதே றோட்டாலைதான் எங்களை மெனிக்பாமுக்குக் கொண்டு போனவை. அப்ப இவளுக்கு அஞ்சு வயது. இப்ப அதே றோட்டிலை படிக்கப் போறாள்” என்கிறார் தாயார். கணவர் அந்த வருடம் காணாமற்போனவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மகளை வளர்த்தவர் இவர்.

மூன்று வகுப்புகளின் கணக்கு

முதல் செமஸ்ரரில் மகள் ஒரு பாடத்தில் தவறினார். காரணம் படிப்பில் அக்கறையின்மை அல்ல. “அம்மா தனிய இருக்கிறா எண்ட யோசினைதான். வெள்ளிக்கிழமை வந்தால் பஸ் ஏறாமல் இருக்கேலாது. திங்கள் காலமை வெளிக்கிட்டு வர, எட்டு மணி விரிவுரை முடிஞ்சிடும்.”

ஒரு செமஸ்ரரில் பொதுவாக 15 வாரங்கள் விரிவுரை நடக்கும். பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும். கிழமைக்கு ஒருமுறை நடக்கும் பாடமென்றால் 12 வகுப்புகளுக்காவது போயிருக்க வேண்டும். காய்ச்சல், மழை, செத்தவீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நாட்களே மிச்சம். அந்த மூன்றையும் இவர் முதல் ஏழு வாரத்திலேயே முடித்துவிட்டார். வரவு ஒருவாறு தப்பியது. ஆனால் தவறவிட்ட பாடம் தலைக்கு மேலே போய்விட்டது.

இம்முறை முதல் தீர்மானம், வீட்டுக்கு மாதம் ஒருமுறை மட்டும் போவது. இதைச் சொன்னபோது தாயார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். “எனக்குக் கிழமை எண்டால் அவள் வாற வெள்ளிக்கிழமைதான். வேறை ஆர் எனக்கு இருக்கினம்?” என்று எம்மிடமும் கேட்டார். ஒருவரைத் தொலைத்த வீட்டில், ஒரு மணித்தியாலம் தொலைபேசி எடுபடாவிட்டாலும் நெஞ்சு பதறும். அதைப் பிழையென்று எவரும் சொல்ல முடியாது.

ஆகவே இருவருமாக ஓர் ஒழுங்கு செய்தனர். தினமும் இரவு எட்டரைக்கு மகள் பேசுவார். விரிவுரை நேரத்தில் தாயார் எடுப்பதில்லை. வீட்டுக்கு வரும் நாட்கள் நான்கையும் முன்கூட்டியே கலண்டரில் வட்டமிட்டாயிற்று. எப்போது வருவாள் என்று தெரியாமல் காத்திருப்பதைவிட, நாள் தெரிந்து காத்திருப்பது சுலபம் என்கிறார் தாயார்.

ஆங்கிலத்துக்கு இரண்டு நிரல்

உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்குக் கம்பஸில் விரிவுரை ஆங்கிலத்தில். முதல் மாதம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதாகச் சொல்கிறார். பின்னர் ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறினார். ஒரு பக்கம் உயர்தரத்தில் படித்த சொல், மறுபக்கம் அதன் ஆங்கிலம். கணக்கீட்டில் ‘பெறுமானத் தேய்வு’ இவருக்கு நன்றாகத் தெரியும். விரிவுரையாளர் ‘டிப்றிசியேசன்’ என்றபோதுதான் பயந்துபோனார். “விசயம் தெரிஞ்சதுதான் அக்கா. பேர்தான் புதுசு.” நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்பது இந்தச் செமஸ்ரரின் திட்டம்.

விடுதி அறைத்தோழி குருநாகலைச் சேர்ந்த சிங்களப் பிள்ளை. இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் மட்டுமே என்பதால், பிழையோ சரியோ பேசித்தான் ஆகவேண்டும். அதுவே நல்ல வகுப்பாகிவிட்டது.

மாலையில் அன்றைய விரிவுரையை அன்றே ஒரு மணித்தியாலம் வாசிப்பது, சனிக்கிழமை நூலகம், ஞாயிறு காலை உடுப்புத் துவைப்பு, இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியை நிறுத்திவிட்டுப் படுப்பது. இவ்வளவுதான் சுவரில் ஒட்டியிருக்கும் நேரசூசி. முதல் தடவை காலை நான்கு மணி முதல் நள்ளிரவு வரை எழுதி, மூன்றாம் நாளே கைவிட்டாராம்.

காசும் கடதாசியும்

கற்பித்தல் இலவசமானாலும் சாப்பாடு, பஸ், போட்டோப் பிரதி என்று செலவு உண்டு. 1981இல் ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் இவர்களுக்குப் பெரிய துணை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதன் மாதாந்தத் தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வருடத்துக்குப் பத்துத் தவணைகளே கிடைக்கும் என்பதையும், முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் செல்லும் என்பதையும் தாய்மார் மனதிற்கொள்ள வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கொஞ்சம் சேர்த்து வைத்தால் வட்டிக்கு வாங்கும் நிலை வராது. மகாபொல கிடைக்காத வறிய குடும்பத்துப் பிள்ளைகள் பேர்சரி உதவுதொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம் வந்தபோது தாயார் பேனையைக் கீழே வைத்துவிட்டார். காலமானார் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. ‘காணாமற்போனவர்’ என்றே எழுதி, கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் வருமானத்தை உறுதிப்படுத்திக் கொடுத்தனர். இப்படியான கடிதங்களில் ஒவ்வொரு பிரதி வீட்டிலும் இருப்பது நல்லது.

பகிடிவதை

இதைப் பற்றியும் மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். சிரேஷ்ட மாணவர்களுக்கு மரியாதை கொடுப்பது வேறு, அவமானத்தைப் பொறுப்பது வேறு. மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர் ஆகியோரின் பெயரையும் இலக்கத்தையும் முதல் வாரத்திலேயே குறித்து வைக்கச் சொல்லுங்கள். தூக்கமின்மை, பழைய நினைவுகளால் வரும் மனப்பாரம் ஆகியவற்றுக்கும் மாணவர் ஆலோசகரை நாடலாம். அது வெட்கப்படும் காரியமல்ல.

தாய்மாருக்கு

உங்கள் மகள் கம்பஸில் படிக்கும் பாடம் உங்களுக்கு விளங்காமல் இருக்கலாம். அதனால் உங்களுக்கு அங்கே வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். “சாப்பிட்டியா?” என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். “இண்டைக்கு எல்லா வகுப்புக்கும் போனியா? விளங்காததை ஆரிட்டைக் கேட்டனி?” இவை இரண்டையும் ஒவ்வொரு நாளும் ஒருவர் கேட்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய பலம்.

இந்த மகள் தவறிய பாடத்துக்கு மீண்டும் தோற்றப் போகிறார். தாயாரோ வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுதலாக இரண்டு கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். வீட்டில் சும்மா இருந்தால் படலையையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறார். அந்தக் காசு மகளின் அடுத்த மாதப் பஸ் செலவுக்கு.